வாசல் வரை வந்து திரும்பும் பிள்ளைகள்

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிகள் பிரிவில், நூற்பாலையில் வேலை பார்க்கும் 19 வயதுப் பெண் ஒருவர் வரிசையில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாளாக வெள்ளைப்படுதல், அடிவயிற்றில் வலி, சிறுநீர் கழித்தால் எரிச்சல். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, விடுதிக் காப்பாளரிடம் பல்வலி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஓபி சீட்டு போடுகிற ஜன்னலில் "என்னம்மா செய்யுது?" என்று கேட்கிறார்கள். பின்னால் நிற்பவர்களின் காதில் விழுமே என்று "வயித்து வலி" என்கிறார். உள்ளே செவிலியரின் மேசையில் அடுத்த கேள்வி: "கல்யாணம் ஆயிருச்சா?" இல்லை என்கிறார். "அப்ப கூட யாரு வந்திருக்கா? நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா."

மறுநாள் அவர் வரமாட்டார். விடுதிக்குப் பக்கத்து மெடிக்கலில் அரைகுறையாக எதையோ சொல்லி, நான்கு மாத்திரை வாங்கி விழுங்கிவிடுவார். தொற்று முழுதாகக் குணமாகாமல் உள்ளேயே தங்கும். கருக்குழாய் வரை பரவினால், பின்னாளில் குழந்தைப்பேறே சிக்கலாகலாம்.

இதில் யாரும் யாரையும் திட்டவில்லை. அந்தச் செவிலியர் கல்நெஞ்சக்காரரும் இல்லை. நாளெல்லாம் நிற்க நேரமில்லாமல் வேலை செய்பவர். மேலிடம் கொடுத்த பதிவேட்டில் இருக்கிற கட்டங்களை நிரப்புகிறார். ஆனால் அந்தப் பதிவேடு, தாயோடு வசிக்கிற, மணமான, பகலில் ஓய்வுள்ள ஒரு பெண்ணை மனதில் வைத்து அச்சடிக்கப்பட்டது. அந்தக் கட்டங்களுக்குள் வராத பிள்ளைகள் நம் மாநிலத்தில் எத்தனையோ பேர். ஆலை விடுதிகளில் இருப்பவர்கள், வீட்டைவிட்டு விரட்டப்பட்ட இளம் திருநங்கைகள், செங்கல் சூளையில் வளரும் இருளர் பிள்ளைகள், திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கும் ஒடிசா, பிஹார் இளைஞர்கள், செவித்திறன் இல்லாத பெண்கள், ஆணை விரும்பும் ஆண் பிள்ளைகள். பாலியல் நலம் என்ற பெயரில் அரசு நடத்தும் சேவைகள் யாருக்கு மிக அவசரமாகத் தேவையோ, அவர்களே வாசல் வரை வந்து திரும்பிப் போகிறார்கள்.

இதற்கு நம் துறைகள் வழக்கமாகச் சொல்லும் மருந்து, விழிப்புணர்வு. ஆண்டுதோறும் உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 வந்தால் பேரணி, உறுதிமொழி, கோலப் போட்டி, மனிதச் சங்கிலி. அறிவு குறைவாக இருப்பது உண்மைதான். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) எச்.ஐ.வி. பற்றி முழுமையான அறிவு இருந்தது, 15 முதல் 49 வயதுப் பெண்களில் 21.6 சதவீதத்தினருக்கும் ஆண்களில் 30.7 சதவீதத்தினருக்கும்தான். ஆனால், கால் நூற்றாண்டுக்கு மேலாகப் பேரணி போன பிறகும் நிலைமை இதுதான் என்றால், பேரணியில் ஏதோ கோளாறு இருக்கிறது என்றுதானே பொருள்? தன் உடம்பைப் பற்றி ஒரு பிள்ளை உண்மையில் கற்றுக்கொள்வது, பயமில்லாமல் ஒரு கேள்வி கேட்க முடிகிற இடத்தில். அப்படிப்பட்ட இடங்களைத்தான் நாம் கட்டத் தவறினோம்.

அப்படி இடம் கொடுக்கத் தெரிவதற்கு மருத்துவத்தில் பண்பாட்டுத் திறன் என்று பெயர். 1980களின் இறுதியில் அமெரிக்காவில் வெள்ளையரல்லாத குழந்தைகளுக்கான மனநல சேவைகளை ஒட்டிப் பரவிய கருத்து. அதைவிட எனக்கு நெருக்கமாகப் படுவது, ஏறத்தாழ அதே காலத்தில் நியூசிலாந்தில் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர் முன்வைத்த வாதம். மாவோரிகளின் பழக்கவழக்கங்களை வெள்ளைக்காரச் செவிலியர் மனப்பாடம் செய்தால் போதாது. மருத்துவமனைக்குள் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தரப்படும் சிகிச்சை பாதுகாப்பானதா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் அதைப் பெறுகிறவரே என்றார் அவர். 1992இல் அந்த நாட்டுச் செவிலியர் மன்றம் இதைப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. இந்த அளவுகோலை நம் ஓபி ஜன்னலில் வைத்துப் பார்த்தால், அந்த ஆலைப் பெண் ஏற்கெனவே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

மயிலாப்பூரில் தொடங்கிய கதை

இந்தத் துறையில் தமிழ்நாடு ஒன்றும் அறியாத மாநிலம் அல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டதே இங்கேதான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். காவல் துறை பிடித்துவந்த பெண்களை அடைத்துவைத்திருந்த மயிலாப்பூர் இல்லத்துக்குப் பலமுறை போனார். மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் பாதுகாத்து, வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துச்சென்று பரிசோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று தெரிந்தது. அந்த ஆண்டு மே மாதம் சட்டமன்றத்தில் அது அறிவிக்கப்பட்டபோது நாடே அதிர்ந்தது. எய்ட்ஸ் மேலைநாட்டாருக்கு வருகிற நோய், ஒழுக்கமான இந்தியாவுக்கு வராது என்று பெரிய மனிதர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தத் துணிச்சல் இல்லையென்றால் நாடு பல ஆண்டுகளை இழந்திருக்கும். அதே நேரத்தில், அந்தப் பெண்களுக்கு எதற்காக ரத்தம் எடுக்கிறார்கள் என்று தெரியாது. வழக்கமான பால்வினை நோய்ப் பரிசோதனை என்றே அவர்கள் நினைத்திருந்தார்கள் என்று நிர்மலாவே பிற்காலப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். அன்றைய ஆய்வு நெறிமுறைகள் வேறு. இன்றைய அளவுகோலால் அவரைக் குற்றம்சாட்டுவது முறையல்ல. ஆனால் நாட்டின் எச்.ஐ.வி. வரலாறு, பூட்டிய இல்லத்துக்குள் இருந்த ஏழைப் பெண்களின் கையிலிருந்து கேட்காமல் எடுத்த ரத்தத்தில் தொடங்கியது என்பதை இந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும். சுனிதி சாலமன் பின்னர் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கி, தொற்றுள்ளவர்களின் அருகில் உட்கார்ந்து பேசுவதையே தன் மருத்துவத்தின் மையமாக்கிக்கொண்டார்.

அடுத்து நடந்தவை நாம் பெருமைப்பட வேண்டியவை. 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது. நாட்டின் பிற மாநிலங்களுக்கு அதுவே முன்மாதிரியானது. 1992இல் கொல்கத்தாவின் சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜனா, பாலியல் தொழிலாளர்களையே சுகாதாரப் பணியாளர்களாக்கிக் காட்டினார். 1998இல் சென்னையில் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் அமைப்பு, ஆணை விரும்பும் ஆண்களிடையேயும் திருநங்கைகளிடையேயும் வேலை செய்தது. பொதுமக்களைப் பொறுத்தவரை அந்தக் காலம் என்றால் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான புள்ளிராஜா விளம்பரப் பலகைகள்தான் நினைவுக்கு வரும். உண்மையான வேலை நடந்தது அந்தப் பலகைகளுக்குக் கீழே, இருட்டில்.

பேருந்து நிலையத்தின் பின்புறம், கடற்கரை மணல், பூங்காவின் கடைசி பெஞ்ச், லாரிகள் நிற்கும் புறவழிச்சாலை. அங்கே ஆணுறைப் பொட்டலங்களோடு போனவர்கள் மருத்துவர்கள் அல்ல; திட்ட மொழியில் பியர் எஜுகேட்டர் எனப்பட்ட சகதோழர்கள். எந்தக் காவலர் எந்த நேரத்தில் ரோந்து வருவார், யாரிடம் ஆணுறை சிக்கினால் அதையே சாட்சியாக்கி வழக்குப் போடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். வாடிக்கையாளர் கூடுதல் பணம் தருகிறேன், உறை வேண்டாம் என்றால் என்ன சொல்லிச் சமாளிப்பது என்றும் தெரியும். பயிற்சிக் கையேடு எதிலும் இதெல்லாம் இருந்ததில்லை. ஆணுறையைக் குற்றத்தின் சாட்சியாகக் கருதக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு 2022 மே மாதம் வரை ஆனது. சகதோழர்களுக்கு அதன் அவசியம் முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. விகிதம் பெருமளவு குறைந்ததில் இவர்களின் பங்கு பெரிது. ஆனால், இவர்கள் சேர்த்த அறிவு எச்.ஐ.வி. திட்டத்தின் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது. எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்து ஆற்றுப்படுத்துநருக்குத் தெரிந்தது, அதே வளாகத்தில் இருக்கும் மகப்பேறு பிரிவுக்குத் தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அறவே தெரியாது. சகதோழர்களோ சொற்ப மதிப்பூதியத்துக்கு, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது என்ற நிலையில்தான் இருந்தார்கள். ஒரு தலைமுறை தெருவில் நின்று கற்றதை மருத்துவத் துறை தன் சொத்தாக ஏற்றுக்கொள்ளவே இல்லை. என் பார்வையில், இந்த மாநிலத்தின் பாலியல் நலப் பணியில் நேர்ந்த ஆகப்பெரிய வீணடிப்பு இது.

யாரை அம்மா என்று எழுதுவது?

வீட்டில் அடிதாங்காமல் 16 வயதில் ஊரைவிட்டு ஓடிவரும் ஓர் இளம் திருநங்கைக்கு அடைக்கலம் தருவது பெரும்பாலும் மூத்த திருநங்கை ஒருவர்தான். அவரை இவர் அம்மா என்று அழைக்கிறார். அவருக்கு அம்மாவானவர் நானி. சோறு போடுவதும், காய்ச்சலுக்குக் கஷாயம் வைப்பதும், அடிபட்டு வந்தால் காவல் நிலையத்துக்கு ஓடுவதும் அந்த அம்மாதான். 18 வயதுக்குக் கீழ் என்றால் எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் ஒப்புதல் வேண்டும். இந்தப் பிள்ளைக்கு யார் கையெழுத்துப் போடுவது? 2019ஆம் ஆண்டுத் திருநர் பாதுகாப்புச் சட்டம் குடும்பம் என்பதை ரத்த உறவு, திருமணம், சட்டப்படியான தத்து ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்கிறது. விரட்டிய அப்பா சட்டத்தின் கண்ணில் குடும்பம். காப்பாற்றிய அம்மா யாருமில்லை.

ஏட்டளவில் எழுதப்பட்ட இந்த வரையறை மருத்துவமனையில் எப்படி வேலை செய்கிறது என்றால், பிள்ளை வயதைக் கூட்டிச் சொல்கிறது. அல்லது வருவதே இல்லை. 2021இல் நடந்த தேசியக் கண்காணிப்பில் திருநங்கையரிடையே எச்.ஐ.வி. 3.78 சதவீதம் என்று தெரிந்தது. நாட்டின் வயதுவந்தோரிடையே அது ஏறத்தாழ 0.2 சதவீதம். இத்தனை பெரிய இடைவெளி இருக்கும் இடத்தில், மிக இளையவர்களைப் பரிசோதனை மேசைக்கு வரவிடாமல் ஒரு கையெழுத்து தடுக்கிறது.

2008இல் நாட்டிலேயே முதலாவதாகத் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தது தமிழ்நாடு. அரசு மருத்துவமனைகளில் பாலின உறுதிப்பாட்டு அறுவைச் சிகிச்சையைக் கட்டணமின்றித் தந்ததிலும் முன்னோடி. கூவாகத்தில் சித்திரைத் திருவிழாவின்போது சுகாதாரத் துறை முகாம் போடுகிறது. இவ்வளவு செய்த அரசுக்கு, ஒரு மூத்த திருநங்கையைக் காப்பாளராக ஏற்கும் வழிமுறையை வகுப்பது எட்டாத காரியமா?

போக்சோ சட்டத்தின் பக்கம் வந்தால் முடிச்சு இன்னும் இறுகுகிறது. 18 வயதுக்குக் கீழ் எந்த உடலுறவும் சட்டப்படி குற்றம். தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளைச் சூறையாடுபவர்களைத் தண்டிக்க 2012இல் வந்த இந்தச் சட்டம் அவசியமானது. அதைத் தளர்த்தச் சொல்வது என் நோக்கமல்ல. ஆனால் 17 வயதுப் பெண், தன் வயதையொத்த காதலனோடு பழகிக் கருவுற்றால், மருத்துவரிடம் வருவதே அவனைச் சிறைக்கு அனுப்புவதாக முடிகிறது. ஆகவே அவள் வருவதில்லை. மெடிக்கலில் கிடைக்கும் கருக்கலைப்பு மாத்திரையோ, ஊர்க்கோடியில் இருக்கும் போலி மருத்துவரோதான் அவளுக்குக் கதி. வளரிளம்பருவத்தினரின் உறவுகளைத் தண்டிப்பது இந்தச் சட்டத்தின் நோக்கமல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு ஒவ்வொரு வட்டார மருத்துவமனையின் பணியாளர் அறையிலும் தமிழில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.

கருவுறுவதற்கு முன்பே தடுத்திருக்கலாமே என்பார்கள். அவசரக் கருத்தடை மாத்திரையை மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்பது நாட்டுச் சட்டம். தமிழ்நாட்டிலோ பெரும்பாலான மருந்துக் கடைகள் பல ஆண்டுகளாக அதை வாங்கி வைப்பதே இல்லை. வசதியுள்ளவர்கள் பெங்களூரில் இருந்து வரவழைத்துக்கொள்கிறார்கள். திண்டுக்கல் ஆலை விடுதியில் இருப்பவளுக்குப் பெங்களூரில் யார் இருக்கிறார்கள்?

பழக்கம் என்று தள்ளிவிடுவது

பண்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும்போது எனக்கு ஒரு பயமும் உண்டு. அந்தச் சொல்லைக் கவசமாக்கிக்கொண்டு வேலையைத் தட்டிக்கழிப்பவர்கள் இங்கே நிறைய. ஒரு சாரார், நம் பண்பாட்டுக்குப் பாலியல் கல்வி ஒவ்வாது என்பார்கள்; 2007இல் வளரிளம்பருவக் கல்வித் திட்டத்தைப் பல மாநிலங்கள் நிறுத்தியது இந்த வாதத்தைச் சொல்லித்தான். இன்னொரு சாரார் அரசு அலுவலகங்களில் இருக்கிறார்கள். இருளர் குடியிருப்பில் 15 வயதில் ஏன் கல்யாணம் ஆகிறது என்று கேட்டால், "அது அவங்க பழக்கம் சார்" என்பார்கள்.

அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முன்பணம் வாங்கிய குடும்பம் செங்கல் சூளைக்கோ மரம் வெட்டவோ மாதக்கணக்கில் போகிறது. தங்கும் இடத்தில் கதவு கிடையாது, கழிப்பறை கிடையாது. வயதுக்கு வந்த பெண்ணை அங்கே வைத்திருக்கவும் முடியாது. ஊரில் தனியாக விட்டுவரவும் முடியாது. சாதிச் சான்றிதழ் கிடைக்காததால் பள்ளிப் படிப்பும் விடுதியும் பாதியில் நின்றுபோகின்றன. பெற்றோர் கண்ணுக்குத் தெரிகிற ஒரே காவல், அவளுக்கு ஒரு துணை. கொத்தடிமை முறையும் கதவில்லாத குடிசையும் உண்டாக்கியதைப் பண்பாடு என்று பெயர் சூட்டி நாம் கைகழுவுகிறோம். 2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவீதத்தினருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணம் முடிந்திருந்தது. அதில் எவ்வளவு பழக்கம், எவ்வளவு வறுமை, எவ்வளவு சாதி ஆணவத்துக்குப் பயந்த அவசரம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் பண்பாட்டுப் புரிதல். வழக்கங்களைப் பட்டியலிட்டுப் பயிற்சி வகுப்பில் கொடுக்கும் தாள் அந்தப் புரிதலைத் தராது.

ஆலைகளின் கதையும் இதையொத்ததே. சுமங்கலித் திட்டம் என்ற மங்கலப் பெயரில், கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதிகளில் அடைத்துவைத்து வேலை வாங்கிய வரலாறு மேற்கு மாவட்டங்களுக்கு உண்டு. மாதவிடாய் வலிக்குப் பெயரோ காலாவதித் தேதியோ இல்லாத மாத்திரைகள் ஆடைத் தொழிற்சாலைகளில் தரப்படுவதைத் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019இல் அம்பலப்படுத்தியது. ஷிப்ட் கெடக் கூடாது என்பதற்காக ஒரு பெண்ணின் உடம்போடு இப்படி விளையாடும் இடத்தில், மாதம் ஒருமுறை ஆலைக்கே வந்து சுகாதார வகுப்பு எடுத்தால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? வகுப்பு முடியும்வரை சூப்பர்வைசர் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். 2021இல் திண்டுக்கல் பகுதியில் 20 வயது தலித் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தொழிற்சங்கம் போராடி, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தத்தை வென்றெடுத்தது. ஆலைத் தளத்திலேயே தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக இருந்து பாலியல் வன்முறையைத் தடுக்கவும் புகார் செய்யவும் அது வழி செய்தது. ஆலைப் பெண்களின் பாலியல் நலத்துக்கு, எனக்குத் தெரிந்து, எந்தச் சுகாதார முகாமும் இவ்வளவு செய்ததில்லை.

மொழி தெரியாத இளைஞர்களின் நிலை இன்னும் மோசம். வடமாநிலத் தொழிலாளி ஒருவர் ஆணுறுப்பில் புண்ணோடு வருகிறார். மொழிபெயர்க்க நிற்பவர் அவரைக் கூட்டிவந்த கான்ட்ராக்டர். முதலாளியின் முன்னால் அந்த இளைஞர் எந்த உண்மையைச் சொல்வார்? செவித்திறன் இல்லாத பெண்ணுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளராக வருவது அவர் அம்மா. மருத்துவர் அம்மாவைப் பார்த்துக் கேட்கிறார். அம்மா பதில் சொல்கிறார். மகள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். பாலியல் நலத்தில் மொழிபெயர்ப்பாளர் என்பவர் குடும்பத்துக்கும் முதலாளிக்கும் வெளியே இருந்து வர வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை இல்லை. மருந்துச் சீட்டு எழுதுவதற்கே அது முதல் தேவை.

கூடலூரும் சித்தேரி மலையடிவாரமும்

நடக்கக்கூடிய காரியமா இது என்று கேட்பவர்களுக்கு நீலகிரியில் பதில் இருக்கிறது. கூடலூரில் 1990 முதல் இயங்கும் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில், பணியர், பெட்ட குறும்பர், முள்ளுக் குறும்பர், காட்டுநாயக்கர் சமூகங்களைச் சேர்ந்த பெண்களே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் இருக்கிறார்கள். அங்கே சிக்கில் செல் ரத்தசோகை பெரிய பிரச்சினை. யாருக்கு யாரைக் கட்டிக்கொடுப்பது, பிறக்கும் குழந்தைக்கு நோய் வருமா, கர்ப்பம் தாங்குமா என்ற பேச்சு எழாமல் அந்த நோய்க்கு வைத்தியமே இல்லை. ஓர் இளம் பணியப் பெண்ணிடம் அதைப் பேச, அவள் குடியிருப்பில் பிறந்த அக்காவைவிட ஏற்றவர் யார்? தருமபுரி மாவட்டம் சித்தேரி மலையடிவாரத்துச் சிட்லிங்கியில் 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவப் பணியும் உள்ளூர்ப் பெண்களைப் பயிற்றுவித்தே வளர்ந்தது. இரண்டு இடங்களிலும் மருத்துவம் படித்தவர்கள் வெளியிலிருந்துதான் வந்தார்கள். வந்தவர்கள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்பதே வித்தியாசம்.

படித்தவர்கள் கற்றுக்கொள்வது எப்படி என்பதற்கு நான் மிகவும் மதிக்கும் உதாரணம் மருத்துவத் துறையிலிருந்து வரவில்லை, நீதிமன்றத்திலிருந்து வந்தது. பெற்றோரிடமிருந்து தப்பிச் சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்களின் வழக்கு 2021இல் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் முன்னால் வந்தது. ஒரே பாலின உறவைப் பற்றித் தனக்குப் போதுமான புரிதல் இல்லை என்பதை அவர் வெளிப்படையாகவே பதிவு செய்தார். தீர்ப்பு எழுதுவதற்கு முன் உளவியலாளர் ஒருவரிடம் தானே அமர்வு எடுத்துக்கொண்டார். அந்தச் சமூகத்தினரோடு பேசினார். தனக்குக் கற்பித்தவர்களைத் தீர்ப்பிலேயே குருக்கள் என்று குறிப்பிட்டார். பாலியல் நாட்டத்தை மாற்றுகிறேன் என்று மருத்துவர்கள் செய்யும் சிகிச்சைக்குத் தடை, மருத்துவப் பாடத்திட்டத்தில் திருத்தம் என்று பலவும் அந்த வழக்கிலிருந்து பிறந்தன.

மருத்துவக் கல்வியோ அவ்வளவு எளிதில் அசையவில்லை. 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய பாடத்திட்ட வழிகாட்டுதலில், பெண்-பெண் உறவு மறுபடியும் இயற்கைக்கு மாறான குற்றங்களின் வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டது. கன்னித்தன்மை பற்றிய பழைய பாடங்களும் திரும்பின. ஒரே பாலின உறவு குற்றமல்ல என்று 377ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே ஆணையம் அதைத் திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் இப்படி ஓர் ஆவணம் எத்தனை மேசைகளைக் கடந்து, எத்தனை கையெழுத்துகளைப் பெற்று வெளியே வந்திருக்கும் என்று நினைத்தால் வேதனையாக இருக்கிறது. அந்த மேசைகளில் உட்கார்ந்திருப்பவர்கள்தான் நாளைய மருத்துவர்களுக்குத் தேர்வுக் கேள்வி தயாரிக்கிறார்கள்.

அரசிடம் கேட்க வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சகதோழர்களை மதிப்பூதியத்திலிருந்து மாதச் சம்பளத்துக்கு மாற்றி, எச்.ஐ.வி. திட்டத்துக்கு வெளியே, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் மகப்பேறு பிரிவுகளிலும் நியமிக்க வேண்டும். ஓபி ஜன்னலில் காரணம் சொல்லாமலே சீட்டுப் பெறவும், அவசியம் ஏற்பட்டால் ஒழியத் திருமணத்தைப் பற்றிக் கேட்காமல் இருக்கவும் ஒரு சுற்றறிக்கை போதும். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாள் இரவு எட்டு மணி வரை, பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையங்கள் திறந்திருக்கட்டும். அவசரக் கருத்தடை மாத்திரை கடைகளில் ஏன் இல்லை என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சட்டமன்றத்துக்கு விளக்கம் தரட்டும். முக்கியமாக, ஒரு மையம் நன்றாக நடக்கிறதா என்று மதிப்பிட வரும் குழுவில் அங்கே சிகிச்சை பெற்ற இளைஞர்கள் பாதிப்பேராவது இருக்க வேண்டும். இதை மட்டும் செய்தால்கூட மற்றவை தாமே நகரத் தொடங்கும் என்று நம்புகிறேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். எச்.ஐ.வி., பால்வினை நோய்கள் பற்றி இலவசமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள 1097 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது. உங்கள் பட்டறையில், ஆலையில், கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் கைகழுவும் இடத்துக்கு மேலே, அவர்கள் தனியாக இருக்கும்போது படிக்கும்படி, அந்த எண்ணை அவர்களின் மொழியில் எழுதி ஒட்டிவையுங்கள்.